நிக்ஷய் எண்ணைக் கையில் வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டு இறங்காதீர்கள்

காசநோய்க்கு அரசு மருந்து இலவசம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். நோய் உறுதியானதும் நம் பெயரில் அரசு கம்ப்யூட்டரில் ஒரு பதிவு விழுகிறது என்பதோ, அதற்கு நிக்ஷய் எண் என்று ஓர் எண் உண்டு என்பதோ எனக்குத் தெரியாது. வீட்டிலிருக்கும் குழந்தைக்குத் தடுப்பு மருந்து தருவதிலிருந்து சத்துணவுப் பணம் வங்கியில் விழுவது வரை எல்லாம் அந்தப் பதிவை வைத்துத்தான் நடக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதில் ஒரு போன் நம்பர் தவறாக இருந்ததால், என் மூன்று வயது மகன் இரண்டு மாதத்துக்கு மேல் எந்தப் பரிசோதனையும் இல்லாமல் என் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அதனால் இதில் சில இடங்களில் சூடு தெரியலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கருங்கல் பக்கம். வேலை திருவனந்தபுரத்தில், ஒரு துணிக்கடையில் பில்லிங். காலையில் குழித்துறையில் ரயில் ஏறி, ராத்திரி திரும்பி வரவேண்டும். இந்த வழியில் தினமும் போய்வருகிறவர்களுக்குத் தெரியும், பாறசாலை தாண்டினால் பெட்டியில் கையை அசைக்கக்கூட இடம் இருக்காது. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நான், மகன், மாமி. மாமிக்குச் சர்க்கரை உண்டு. 2024 ஓணம் விற்பனை நேரத்தில்தான் எனக்கு இருமல் தொடங்கியது. புதுத் துணியின் தூசி என்று நினைத்தேன், கடையில் எல்லாரும் இருமிக்கொண்டுதான் இருந்தார்கள். இருமல் மருந்து, அப்புறம் ஆன்டிபயாடிக், அது தீர்ந்ததும் வேறொரு ஆன்டிபயாடிக். சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுடும். சுடிதார் இடுப்பில் தொளதொளவென்று ஆனபோது, வேலைக்கு ஓடுகிற ஓட்டத்தில் இளைத்துவிட்டேன் என்று எல்லாரும் சொன்னார்கள். சிலர் பாராட்டக்கூடச் செய்தார்கள்.

கடைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு முன்பு கணவரோடு அங்கே போயிருந்ததால் ஓபி கார்டு ஏற்கெனவே இருந்தது. அங்கே எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, சிடி ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். கடைசியில்தான் சளிப் பரிசோதனை. அதில் காசநோய் என்று வந்தது. அதுவரை ஆன செலவு 22,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு சம்பளமில்லாத லீவு வேறு. கடையில் காரணம் சொல்லாமல் ஒரு மாதம் நின்றதில் 14,000 ரூபாய் போயிற்று. இதைச் சொல்வது வருத்தப்பட வைக்க அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை, இதில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனையைத்தான் முதலில் கேட்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது. ட்ரூநாட் என்று ஒரு மெஷின், கோவாவில் தயாராவது, பேட்டரியில் ஓடும். சின்ன ஆஸ்பத்திரிகளில்கூட அதை வைக்க முடிகிறது. கிருமி இருக்கிறதா என்பதையும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து அந்தக் கிருமியிடம் வேலை செய்யுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். நான் சிடி ஸ்கேனுக்குக் கொடுத்த பணத்தில் என் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மீன் வாங்கியிருக்கலாம்.

டாக்டர் நல்லவர்தான். ஆறு மாதம் மாத்திரை, விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்றார். மகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பதிவு பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அப்போது கேட்கிற நிலையில் இல்லை. திரும்பி வரும்போது ரயிலில் மாஸ்க்குக்குள் அழுதுகொண்டே வந்தேன். யாரிடம் சொல்வது? எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு ஆசாரிப்பள்ளம் என்றாலே இந்த நோய்தான் ஞாபகம் வரும். மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன் அது காசநோய் ஆஸ்பத்திரி இருந்த இடம். 'ஆசாரிப்பள்ளத்தில் கொண்டு கிடத்தினார்கள்' என்று மாமி யாரைப் பற்றியாவது சொன்னால், அந்த ஆள் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். கணவர் அப்போதுதான் புதுக் கம்பெனிக்கு மாறியிருந்தார், லீவு கேட்க முடியாது. மாமியிடம் அலர்ஜி என்றேன். மகனைத் தனியே படுக்க வைக்கப் பார்த்தால் அழுதான், மாமியும் சந்தேகப்பட்டாள். மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்வேன்.

மாத்திரையை மார்த்தாண்டத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில்தான் வாங்கினேன், ஊரில் வாங்கினால் பேச்சாகும். காசநோய் மருந்துகள் ஹெச்1 அட்டவணையில் வருகிறவை. மருந்துக்கடைக்காரர் வாங்குகிறவர் பெயர், டாக்டர் பெயர் எல்லாம் தனி ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். ஒருநாள் அங்கே வழக்கமாக இருக்கிற ஆள் இல்லை, ஒரு சின்னப் பையன் இருந்தான். சீட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இது கவர்மென்ட்ல சும்மாவே கிடைக்குமே, எதுக்குக் காசு குடுத்து வாங்கறீங்க? நிக்ஷய் ஐடி இருக்கா?" அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். அவனுக்கும் முழுசாகத் தெரியவில்லை. "அது இருந்தா வீட்ல சின்னப் பிள்ளைங்களுக்கும் மாத்திரை தருவாங்க" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு வரிதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. அதுவரை மகனுக்கு இருமல் இல்லை, அதனால் ஒன்றும் இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்து காசநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சார் கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடினார், போன் நம்பரைப் போட்டுத் தேடினார். வரவில்லை. "உங்களுக்குப் பதிவே இல்லையேம்மா" என்றார். இரண்டு மாதம் மாத்திரை விழுங்கி, வாந்தி எடுத்து, யாரிடமும் சொல்லாமல் கிடந்த எனக்கு, நான் நோயாளியே இல்லை என்கிற மாதிரி ஒரு திரை. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதையும் பிறகு நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நிக்ஷய் என்பது மத்திய அரசின் காசநோய்ப் பதிவுத் தளம், 2012 முதல் நடக்கிறது. அதே வருடம் மே மாதத்தில்தான் தனியார் டாக்டரோ லேபோ யார் கண்டுபிடித்தாலும் காசநோயை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2018 மார்ச் மாதம், தெரிவிக்காமல் இருப்பதைச் சட்டப்படி தண்டனைக்குரியதாகவும் ஆக்கினார்கள். தெரிவிக்கிற தனியாருக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகையும் உண்டு. உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார், அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதலில் தட்டுவது தனியார் கதவைத்தான் என்பதால் இந்த ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் நம் பெயர், வயது, போன், விலாசம், பரிசோதனை முடிவு ஆகியவற்றை ஏற்றியதும் ஓர் எண் உருவாகும். விலாசத்தைப் பொறுத்து அது அந்தப் பகுதிக் காசநோய்ப் பிரிவின் திரையில் தெரியும். அங்கிருந்து ஒருவர் போன் செய்வார், வீட்டுக்கு வருவார், வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிப்பார், சர்க்கரை, எச்ஐவி பார்ப்பார், வங்கிக் கணக்கு வாங்குவார். காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. நோயைப் பரவவிடாமல் தடுக்கிற வேலை இந்த வீட்டு விசாரணையில்தான் இருக்கிறது. மாத்திரை என்னைக் குணமாக்கும், ஆனால் என்னிடமிருந்து ஏற்கெனவே கிருமி வாங்கியவர்களைத் தேடிப் பிடிப்பது அந்த ஒரு போன்தான்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போனேன். கவுன்டரில் இருந்தவர்கள் 'அப்படி ஒன்றும் நாங்கள் தருவதில்லை' என்று அலைக்கழித்தார்கள். பிஆர்ஓ, நர்சிங் சூப்பிரண்டு என்று ஏறி இறங்கி, கடைசியில் லேபில் ஒரு பெண் பார்த்துச் சொன்னாள்: "சேச்சி, நோட்டிஃபை செய்திருக்கிறோமே." செய்திருந்தார்கள், அதுவும் நோய் உறுதியான இரண்டாம் நாளே. ஆனால் விவரம் எல்லாம் பழைய ஓபி கார்டிலிருந்து தானாக நிரம்பியிருக்கிறது. விலாசம், கல்யாணம் ஆன புதிதில் நாங்கள் அங்கே வாடகைக்கு இருந்த வீடு. போன், கணவரின் பழைய நம்பர். புது விவரம் வேண்டுமா என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. சட்டப்படி அவர்கள் கடமை முடிந்துவிட்டது, டெல்லியில் இருக்கிற கணக்கில் நானும் ஒரு புள்ளியாகச் சேர்ந்துவிட்டேன். எங்கள் வீட்டு வாசலுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

அந்தப் பழைய நம்பர் யாரிடம் இருக்கிறது தெரியுமா? கணவர் மஸ்கட் போகும்போது சிம்மைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனார். நம் பக்கத்தில் கல்ஃபுக்குப் போகிற எல்லார் வீட்டிலும் நடப்பதுதான், நம்பர் செத்துப்போகக் கூடாது என்று யாராவது ஒருத்தர் போட்டுக்கொள்வார்கள். கொழுந்தனைக் கூப்பிட்டு, இப்படி ஏதாவது போன் வந்ததா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "ஆமா மயினி, மலையாளத்துல ஒரு பொம்பள பேசினா. உங்க பேரு, ஆதாரு, பேங்க் அக்கவுண்டு எல்லாம் கேட்டா. ஃபிராடுன்னு தெரிஞ்சுது, நல்லா நாலு வார்த்தை சொல்லி பிளாக் பண்ணிட்டேன்" என்றான், பெருமையாக. அவனை எப்படித் திட்டுவது? ஆதாரும் பேங்க் அக்கவுண்டும் கேட்டு வருகிற பத்து போனில் ஒன்பது திருட்டுப் போன்தான். அந்தச் சுகாதாரப் பணியாளர் பழைய விலாசத்துக்கும் போயிருக்கிறார், அங்கே வேறு குடும்பம். அவர் மேலும் தப்பில்லை. ஓடிபி மோசடிக்குப் பயந்து நாடே போனைத் துண்டிக்கிற காலத்தில், ஒரு நோய்த் தடுப்புத் திட்டம் முழுவதையும் முன்பின் தெரியாத நம்பரிலிருந்து வருகிற ஒரு போனில் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் குறை.

அதனால் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காசநோய் என்று சொன்ன அன்றே, தனியாராக இருந்தாலும், "நிக்ஷயில் ஏற்றிவிட்டீர்களா, எண் என்ன" என்று கேளுங்கள். அதில் இருக்கிற போன் நம்பரையும் விலாசத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். போன், நம் கையில் இருக்கிற நம்பராக இருக்க வேண்டும், கணவர் நம்பரோ மகன் நம்பரோ வேண்டாம். விலாசம், மாத்திரை சாப்பிடும் ஆறு மாதமும் எங்கே படுத்து எழுந்திருக்கப் போகிறோமோ அது. வேலை பார்க்கிற ஊர் விலாசமோ ஆதாரில் உள்ள பழைய விலாசமோ உதவாது. அழைப்பு வந்து சந்தேகமாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு, 1800-11-6666 என்ற நிக்ஷய் இலவச எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு, இந்த எண்ணில் என் பெயரில் பதிவு உண்டா என்று கேளுங்கள். போனில் ஓடிபி யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஆபா எண் (மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) மாதிரி ஏதாவது உண்டாக்க வேண்டியிருந்தால் அதை நேரில், உங்கள் போனை உங்கள் கையில் வைத்துக்கொண்டு செய்துகொள்ளலாம்.

எண் கிடைத்துவிட்டதே, இனி எல்லாம் ஓடும் என்று நினைத்தேன். மாநிலம் விட்டு மாநிலம் மாற்ற வேண்டுமே! அந்தப் பக்கப் பிரிவு 'டிரான்ஸ்ஃபர்' கொடுக்க வேண்டும், இந்தப் பக்கம் 'ஏற்றுக்கொண்டோம்' என்று அழுத்த வேண்டும். கம்ப்யூட்டரில் இரண்டு கிளிக்தான். அந்த இரண்டு கிளிக்குக்கு நடுவில் கிறிஸ்துமஸ் லீவு, யாரோ ஒருவரின் டிரெயினிங், சர்வர் கோளாறு எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. அலைச்சல் பொறுக்காமல், "இங்கேயே புதுசாப் பதிஞ்சிடுங்க சார்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, அது சரி என்று பிறகு புரிந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருந்தால் பணம் சிக்கிக்கொள்ளும். போதாததற்கு, பழைய எண்ணில் 'பாதியில் மருந்தை நிறுத்தியவர்' என்று முடிவு எழுதிவிடுவார்கள். பின்னாளில் எங்காவது அது கண்ணில் பட்டால் விளக்கம் சொல்லி மாளாது. எல்லையில் இருக்கிற நமக்கு இது முக்கியம். களியக்காவிளையிலிருந்தும் விளவங்கோட்டிலிருந்தும் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! எண் ஒன்றுதான், இந்தியா முழுக்க அதே எண். மாறுவது பிரிவு மட்டும். ஆனால் இதற்குள் மகனை நிறுத்தி வைக்காதீர்கள் என்று நான் சண்டை போட்டேன், அதில் மட்டும் ஜெயித்தேன். மாற்றம் நடக்கட்டும், குழந்தையின் பரிசோதனை நாளைக்கே என்று அந்த சாரே தாலுகா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

மகனுக்கு எக்ஸ்ரே எடுத்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. குழந்தை டாக்டர் பார்த்து, எடை சரியாக ஏறியிருக்கிறது, படமும் சுத்தம் என்றார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம், சுத்தமாக இருந்தும் எதற்கு மாத்திரை, பிறந்ததும் பிசிஜி போட்டிருக்கிறதே என்று கேட்டேன். பிசிஜி மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான வகைகளைத் தடுக்க உதவும், ஆனால் வீட்டிலேயே இருமுகிற ஆள் இருக்கும்போது அது மட்டும் போதாது என்றார். ஐந்து வயதுக்குக் கீழே கிருமி உள்ளே போனால் சீக்கிரம் நோயாக மாறும். நான் மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் பரப்புவது குறைந்திருக்கும், ஓணம் சமயத்திலிருந்து அவன் மூச்சில் போனதுதான் கணக்கு. அதனால் ஐசோனியாசிட் மாத்திரை, எடைக்கு ஏற்ற அளவு, தினமும், ஆறு மாதம். மட்டிப் பழத்தில் மசித்துக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, வெறும் வயிற்றில் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், பழம் பிறகு என்றார்கள். கண்ணோ சிறுநீரோ மஞ்சளானாலும் வாந்தி நிற்காவிட்டாலும் உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். இதே மாத்திரை எனக்கு நோய் உறுதியான அன்றே அவனுக்குத் தொடங்கியிருக்க வேண்டியது.

மாமியிடம் சொல்வதுதான் மிச்சம் இருந்தது. அதற்கும் ஒரு கம்ப்யூட்டர்க் கதை உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதா மாதம் ஒரு அக்கா வீட்டுக்கு வந்து மாமிக்குச் சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்து, போனில் பதிந்துவிட்டுப் போவார். 2021-ல் தொடங்கிய திட்டம், எங்கள் பக்கத்தில் ஒழுங்காகவே நடக்கிறது. அந்த அக்கா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மாமியின் சர்க்கரை அளவைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், உள் அறையில் நான் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தேன். சர்க்கரை இருக்கிறவருக்குக் காசநோய் தொற்றினால் ஆபத்து கூடுதல் என்பது எல்லா டாக்டருக்கும் தெரியும். ஆனால் சர்க்கரையை எழுதுகிற போனுக்குக் காசநோயை எழுதுகிற தளத்தில் இருப்பது தெரியாது. இரண்டையும் சேர்க்கிற ஒரே ஆள் நாம்தான். வீட்டுக்கு எந்தச் சுகாதாரப் பணியாளர் வந்தாலும், எந்த வேலைக்கு வந்தாலும், வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் அந்த அக்காவிடம் சொன்னேன், அவரே மாமியிடம் எடுத்துச் சொன்னார். மாமி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இத இவ்வளவு நாளு ஒத்தைக்குச் சுமந்தியா மக்களே" என்றாள். அவளுக்கும் எக்ஸ்ரே சுத்தம். வாரத்துக்கு ஒருமுறை என்று 12 வாரத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். அதில் ஒன்று சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்த மருந்து தொடங்கும்போது சர்க்கரை மாத்திரைச் சீட்டை மறக்காமல் காட்டுங்கள்.

பதிவு இந்தப் பக்கம் மாறியதும் எனக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். எடை, உயரம், காலில் வீக்கம் உண்டா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் ஆக்சிஜன் மெஷின், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஐந்து நிமிட வேலை. தமிழ்நாட்டில் 2022 முதல் இப்படிப் பார்த்து, நிலைமை மோசமாக இருப்பவர்களை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று பெயர், அதற்கும் ஒரு இணைய மென்பொருள் இருக்கிறது. நல்ல யோசனை. பலவீனமானவர்கள்தான் முதல் சில வாரங்களில் இறந்துபோகிறார்கள், அவர்களைத் தேடிப் பிடிப்பதற்காக வந்தது. எனக்கு அது இரண்டு மாதம் கழித்து நடந்தது. எனக்குப் பரவாயில்லை, அப்போதைக்கு எடை திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது.

சத்துணவுப் பணம் பற்றிக் கேட்பீர்கள். சிகிச்சை முடியும்வரை மாதம் 1000 ரூபாய், 2024 நவம்பருக்கு முன்பு 500-ஆக இருந்தது. தனியாரில் பார்ப்பவர்களுக்கும் உண்டு. நேரே வங்கிக் கணக்கில் வரும். எனக்கு முதலில் திரும்பிப் போய்விட்டது. காரணம் இனிஷியல். வங்கியில் அப்பா பெயரின் இனிஷியல் முன்னால், ஆதாரில் கணவர் பெயர் முழுசாகப் பின்னால். பி.எஃப்.எம்.எஸ் என்கிற அரசுப் பணப் பட்டுவாடா முறை இரண்டையும் ஒத்துப் பார்த்து, இது வேறு ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்கள் எல்லாருக்கும் இந்தத் தொல்லை வரும். வங்கியில் கேஒய்சி புதுப்பித்துப் பெயரை ஆதாரில் உள்ளபடி மாற்றினேன், அதற்கும் அலைச்சல். கணக்குப் புத்தக முதல் பக்கத்தைக் கொடுக்கும்போதே ஆதாரோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், ரொம்ப நாள் பணம் போட்டு எடுக்காமல் தூங்குகிற கணக்கைக் கொடுக்காதீர்கள். பணம் வந்தபோது முட்டைக்கும் சாளை மீனுக்கும்தான் செலவு செய்தேன். மருந்துக்குக் கொடுத்த காசு திரும்பி வராது, அதை மறந்துவிட்டேன்.

மாத்திரை சாப்பிட்டேனா என்று போனில் விசாரிப்பார்கள். முன்பு மாத்திரை உறைக்குள் ஒரு ரகசிய நம்பர் ஒளித்து வைத்து, மாத்திரையைப் பிரித்தால் மட்டும் தெரிகிற அந்த நம்பருக்கு இலவசமாக அழைத்தால் 'இன்றைக்குச் சாப்பிட்டார்' என்று பதிகிற முறை ஒன்று வந்தது, 99டாட்ஸ் என்று பெயர். தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து கண் முன்னால் விழுங்கு என்பதைவிட எத்தனையோ மேல். ஆனால் அழைப்பு வந்தது என்றால் உறை பிரிந்தது என்று மட்டும்தான் அர்த்தம், மாத்திரை தொண்டைக்குள் போனதா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? எனக்கு உதவியது அந்த சார் வாரத்துக்கு ஒருமுறை தன் போனிலிருந்து கூப்பிட்டு, "வாந்தி நின்னுச்சாம்மா" என்று கேட்டதுதான். அவர் நம்பர் என்னிடம் இருந்தது, என் நம்பர் அவரிடம் இருந்தது. கெட்ட சந்தேகம் வந்த ராத்திரிகளில் அடுத்த நாள் காலை கேட்க ஒரு ஆள் இருந்தார்.

ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. வீட்டுக்கு வரவேண்டாம், நாங்களே ஆஸ்பத்திரிக்கு வருகிறோம் என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் மாமியின் சர்க்கரை பார்க்க வந்த மாதிரிதான் வந்தார்கள். கணவரிடம் நானே வீடியோ காலில் சொன்னேன். அவர் முதலில் கேட்டது மகனைப் பற்றி, இரண்டாவது கேட்டது தன் விசா பற்றி. கோபப்படவில்லை, இங்கே எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வி வரும். கல்ஃப் மெடிக்கலில், அதாவது விசாவுக்காகச் செய்கிற உடல் பரிசோதனையில், பார்ப்பது போகிற ஆளின் மார்பு எக்ஸ்ரேயை, வீட்டில் இன்னொருவருக்கு இருந்ததை அல்ல. ஆனால் போகப்போகிற ஆளுக்கே முன்பு வந்திருந்தால் பழைய தழும்புகூடச் சிக்கலாகலாம். சிகிச்சைக் காகிதங்கள், சளி முடிவுகள், கடைசி எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு கவரில் பத்திரப்படுத்துங்கள்.

ஆறு மாதம் முடிந்து சளிப் பரிசோதனை சுத்தம் என்று வந்த அன்று, அந்த சாரிடம் திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். 'குணமானார்' என்று பதிந்தார். நீங்களும் முடிவு பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மகனின் தடுப்பு மருந்தும் அதே தளத்தில் தனியாகப் பதிவாகியிருக்கிறது, அதையும் முடித்து எழுதினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்த பிறகும் இரண்டு வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். அந்தத் தேதியை நினைவுபடுத்த போன் வரும் என்கிறார்கள். நான் காலண்டரிலும் எழுதி மாட்டியிருக்கிறேன்.